முதல் காதலைத் தேட எந்தத் தளம்? மறுமுனையில் இருப்பவரையும் கணக்கில் எடுத்த ஒரு மதிப்பீடு

இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் பிரிந்த ஒருவரின் பெயரைத் தேடல் பெட்டியில் அடித்துப் பார்க்கும் கை, பெரும்பாலும் இரவில்தான் அதைச் செய்கிறது. வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். அந்தத் தேடலுக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவர் இப்போது எங்கே, எப்படி இருக்கிறார் என்பது ஒன்று. அன்று வேறு முடிவு எடுத்திருந்தால் நான் இன்று யாராக இருந்திருப்பேன் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு இன்றைய தளங்கள் சில நிமிடங்களில் விடை தந்துவிடுகின்றன. இரண்டாவது கேள்வி அவற்றின் எல்லைக்குள் வருவதே இல்லை. ஆனால் அவர் குடும்பத்தோடு சிரிக்கும் படத்தைப் பார்த்ததும் அதற்கும் விடை கிடைத்துவிட்டதுபோல மனம் எடுத்துக்கொள்கிறது. இந்தத் தளங்களைப் பயன்படுத்துவதில் வரும் கேடுகளில் பாதி அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஆகவே, ஆளைக் கண்டுபிடிக்கும் திறமையை மட்டும் வைத்து இங்கே எதையும் எடைபோடவில்லை. ஒரு தளம் ஆளைக் கண்டுபிடித்துத் தருமா, நீங்கள் தேடியதை அவரிடம் காட்டிக்கொடுக்குமா, அவர் பதில் சொல்ல விரும்பாவிட்டால் சத்தமில்லாமல் இருந்துவிட அவருக்கு இடம் தருமா என்று மூன்றையும் பார்த்தோம். மூன்றாவதற்கே கூடுதல் மதிப்பெண். தேடுகிறவர் மாதக்கணக்கில் மனதைத் தயார்செய்துகொண்டு வருகிறார். மறுமுனையில் இருப்பவரோ பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கும் அடுப்பில் இருக்கும் பாலுக்கும் நடுவே, எந்தத் தயாரிப்பும் இல்லாமல், திரையில் அந்தப் பெயரைப் பார்க்கப்போகிறார். அவருக்கு நேரம் தராத கருவி எவ்வளவு நன்றாகத் தேடினாலும் நல்ல கருவி ஆகாது.

பழைய தோழர்களைத் தேடித் தருவதற்கென்றே தளங்கள் இருந்த காலம் உண்டு. அமெரிக்காவில் 1995இல் கிளாஸ்மேட்ஸ், பிரிட்டனில் 2000இல் ஃப்ரெண்ட்ஸ் ரீயூனைட்டட். அங்கே பெயரைப் பதிந்தவர், பழைய ஆட்கள் என்னைத் தேடி வரலாம் என்று சம்மதம் சொன்னதாகவே பொருள். ஃப்ரெண்ட்ஸ் ரீயூனைட்டட் 2016இல் மூடப்பட்டுவிட்டது. அந்த வேலை இன்று அதற்கென்று உருவாகாத தளங்களின் தலையில் விழுந்திருக்கிறது. வேலை தேடவும் பேரப்பிள்ளையின் படம் போடவும் கணக்குத் தொடங்கியவரைத் தேடிக்கொண்டு அங்கே போகிறோம். அப்படித் தேடி வருவதற்கு அவர் சம்மதம் சொன்னதில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

ஃபேஸ்புக்: தேடுவதில் முதலிடம், நட்பழைப்புப் பொத்தான் மட்டும் ஆபத்து

2006 செப்டம்பரில் 13 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட தளம். நடுவயதில் இருப்பவர்களைத் தேட இதைவிடச் சிறந்த இடம் இன்றும் இல்லை. பலர் பெயரை மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள். அது தவறான வழி. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுத ஒரே முறை கிடையாது. ‘த’வுக்கு ‘டி’ மட்டும் போடுவார்கள், ‘டிஎச்’ போடுவார்கள், ‘ழ’வுக்கு ‘இசட்எச்’ வரும், வெறும் ‘எல்’லும் வரும், நெடில் உயிருக்கு ஓர் எழுத்தா இரண்டா என்பது அவரவர் விருப்பம். ‘கனிமொழி’ போன்ற ஒரு பெயருக்கே நாலைந்து எழுத்துக்கூட்டல்கள் வந்துவிடும். முன்னெழுத்தும் பின்னொட்டுப் பெயரும் மாறியிருக்கலாம். பெயரைத் தமிழிலேயே எழுதி வைத்திருப்பவர்களும் உண்டு. தமிழில் அடித்தும் ஒருமுறை தேடுங்கள்.

பெயரைவிட உறுதியான வழி, அந்தக் கால வட்டம். உங்கள் இருவருக்கும் தெரிந்தவர்களில், கூட்டமாக எடுத்த படங்களைப் போடும் பழக்கமுள்ளவர் ஒருவர் இருப்பார். அவருடைய பழைய படங்களில் யார் யாரைக் குறித்திருக்கிறார், கீழே யார் கருத்து எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பள்ளி, கல்லூரிப் பெயரில் இருக்கும் குழுக்களையும் பாருங்கள். சொந்தப் புரொஃபைலைப் பூட்டி வைத்திருப்பவர்கூட மற்றவரின் படத்துக்குக் கீழே பெயரோடு தென்படுவார்.

காட்டிக்கொடுக்கும் விஷயத்தில் ஃபேஸ்புக் பெருமளவு நம்பகமானது. ஒருவர் புரொஃபைலை நீங்கள் பார்த்தீர்கள் என்று அது அவருக்குச் சொல்வதில்லை. ‘உங்கள் பக்கத்தை யார் பார்த்தார்கள் என்று காட்டுகிறோம்’ எனும் செயலிகள் அனைத்தும் பொய். பல உங்கள் கடவுச்சொல்லைத் திருடுவதற்காகவே இருப்பவை. ஆனால் ஓட்டைகள் உண்டு. ஸ்டோரியைத் திறந்தால் பார்வையாளர் கணக்கில் சேர்ந்துவிடுவீர்கள்; அதைத் தொடாதீர்கள். பழைய படங்களைப் பார்த்துக்கொண்டு போகும்போது கட்டைவிரல் தவறி விருப்பக்குறியில் பட்டால், உடனே நீக்கினாலும் அறிவிப்பு அவர் கைப்பேசித் திரையில் ஒரு நொடியாவது மின்னியிருக்கலாம். ஆகவே படங்களைக் கைப்பேசியில் பார்க்காமல் கணினியில் பாருங்கள். கைப்பேசித் தொடர்புகளைப் பதிவேற்ற அனுமதி கொடுத்திருந்தால், அதுவும் பொது நண்பர்களும் சேர்ந்து உங்கள் பெயரை அவருக்கும் அவர் பெயரை உங்களுக்கும் ‘தெரிந்தவராக இருக்கலாம்’ பட்டியலில் கொண்டுவரலாம். அந்த அனுமதியை அமைப்புகளில் நிறுத்திவிடலாம். தேடிய பெயர்கள் செயல்பாட்டுப் பதிவில் சேமிக்கப்படுகின்றன. வீட்டில் பொதுவாகப் பயன்படுத்தும் கருவி என்றால், தேடல் பெட்டியைத் தொட்டதும் அந்தப் பெயர் முதலில் வந்து நிற்கும்.

மூன்றாவது அளவுகோலில் இந்தத் தளத்துக்குள்ளேயே ஒரு நல்ல வழியும் ஒரு மோசமான வழியும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. நட்பழைப்பு மோசமான வழி. ஏற்பதா, நீக்குவதா என்ற முடிவை அது அவர்மேல் சுமத்துகிறது. ஏற்றுக்கொண்டால் உங்கள் குடும்பப் படங்கள் அவருக்கும் அவருடையவை உங்களுக்கும் ஒரே நேரத்தில் திறந்துகொள்கின்றன. ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளாமல் இருவரும் பத்தாண்டுப் படங்களைப் புரட்டிவிடுவார்கள். அது போதாதென்று, பொது நண்பர்களின் கண்ணிலும் இந்தப் புதிய நட்பு படும். பழைய கதை தெரிந்தவர் அவர்களில் ஒருவராவது இருப்பார்.

மெசஞ்சரில் செய்தி அனுப்புவதே நல்ல வழி. நட்பு வட்டத்தில் இல்லாதவருக்கு அனுப்பும் செய்தி, ‘செய்திக் கோரிக்கை’ என்ற தனிப்பெட்டியில் போய் விழுகிறது. அவர் அதைத் திறந்து முழுவதும் வாசிக்கலாம். கோரிக்கையை ஏற்கும்வரை வாசித்தது உங்களுக்குத் தெரியாது. அவர் அதை ஒரு வாரம் வைத்து யோசிக்கலாம், அழித்துவிடலாம், அப்படியே விட்டுவிடலாம். இதைவிட அதிக இடம் தரும் ஏற்பாடு இந்த மதிப்பீட்டில் பார்த்த வேறெந்தக் கருவியிலும் இல்லை. குறை என்னவென்றால், அந்தப் பெட்டியைப் பலர் திறப்பதே இல்லை. செய்தியில் இணைப்புகளோ கைப்பேசி எண்ணோ இருந்தால் அது இன்னும் ஆழத்தில், குப்பைப் பிரிவில் போய் விழ வாய்ப்பு கூடும். வெறும் எழுத்தாக அனுப்புங்கள்.

இன்னொன்றுக்கும் மனதைத் தயார்செய்துகொண்டு தேடுங்கள். இறந்துபோனவர்களின் கணக்குகளை ஃபேஸ்புக் நினைவுக் கணக்காக மாற்றிவைக்கிறது. பெயரோடு அதைக் குறிக்கும் ஒரு சொல் நிற்கும். தேடிப் போனவர் அந்தச் சொல்லில் போய் முட்டிக்கொள்வது நடக்கிறது. யாரிடமும் சொல்லமுடியாத துக்கம் அது, ஏனென்றால் அப்படித் துக்கப்பட உங்களுக்கு உரிமை உண்டென்று உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த நிலையில் அவர் குடும்பத்தாருக்கு உடனே எழுத வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மற்ற தளங்கள், சுருக்கமாக

இன்ஸ்டாகிராமில் பெயருக்குப் பதிலாகப் புனைபெயர்களே அதிகம். நடுவயதினரைத் தேட ஃபேஸ்புக் அளவுக்கு உதவாது. ஸ்டோரியைப் பார்த்தால் பார்த்தவர் பெயர் காட்டப்படும். படத்தை இருமுறை தட்டினால் விருப்பக்குறி விழுந்துவிடும். கைதவறி மாட்டிக்கொள்பவர்கள் இங்கேதான் அதிகம். செய்திக் கோரிக்கை ஏற்பாடு ஃபேஸ்புக்கைப் போலவே இங்கும் நன்றாக இருக்கிறது.

லிங்க்ட்இன் நேர்மாறு. முழுப்பெயர், படித்த கல்லூரி, ஆண்டு, வேலை எல்லாம் உண்மையாக இருக்கும், ஆளைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காணலாம். ஆனால் நீங்கள் பார்த்தீர்கள் என்று பெயரும் பதவியும் போட்டு அவருக்குச் சொல்லிவிடும். தேடுவதற்கு முன்பே, பின்பு அல்ல, அமைப்புகளில் பார்வை முறையைத் தனிப்பட்டதாக மாற்றிக்கொள்ள வேண்டும். காதல் விஷயத்தை அங்கே எழுதுவது பொருந்தாது. அவருடைய பிழைப்பிடம் அது.

மிக அதிகமாக நடப்பதும் மிக மோசமாக முடிவதும் வாட்ஸப்பில்தான். பழைய மாணவர் குழுவில் இருவரும் சேர்க்கப்படுகிறார்கள். குழுவில் இருக்கும் எல்லோருக்கும் எல்லோருடைய எண்ணும் தெரியும். ஒருநாள் இரவு அந்த எண்ணுக்குத் தனியாக ‘எப்படி இருக்க?’ என்று போய்விடுகிறது. இதில் பல கோளாறுகள் உள்ளன. எண்ணை அவர் குழுவுக்காகக் கொடுத்தார், உங்களுக்காக அல்ல. செய்தி தனிப்பெட்டிக்குப் போகாமல் நேராக, மகன் அனுப்பிய செய்திக்கும் அலுவலகச் செய்திக்கும் நடுவே வந்து விழுகிறது. நீலக்குறி, கடைசியாகப் பார்த்த நேரம் என்று காத்திருப்பவரைக் கரைக்கும் சமாச்சாரங்கள் வேறு. மறுநாள் காலை வெட்கப்பட்டு அழித்தால், ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரி நின்றுகொண்டே இருக்கும். என்ன எழுதியிருந்தார் என்ற கேள்வி செய்தியைவிடப் பெரிதாகிவிடும். குழுவில் இருவரும் இருந்தால், சில வாரம் குழுவிலேயே எல்லோர் முன்னிலையிலும் சாதாரணமாகப் பேசிப் பழகுங்கள். அவர் உங்கள் பேச்சுக்குப் பதில் சொல்கிறாரா, தவிர்க்கிறாரா என்பதே போதிய குறிப்பு.

எண்ணை வைத்துப் பெயர் காட்டும் செயலிகளில் வரும் பெயர், பிறர் தங்கள் தொடர்புப் பட்டியலில் எழுதி வைத்தது. எண் கைமாறியும் இருக்கலாம். அதை நம்பி அழைத்துவிட்டு வேறு யாரிடமோ பேச நேரும். முகத்தைக் கொடுத்தால் இணையம் முழுக்கத் தேடும் சேவைகளையும், ஆள்வைத்து விசாரிக்கும் நிறுவனங்களையும் இந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. கண்டுபிடிக்கப்பட வேண்டாம் என்று ஒருவர் ஒதுங்கி இருந்தால், அதுவே அவருடைய பதில்.

மாறாக உங்களைத் தேடி அவர் பெயரில் ஒரு கணக்கு வந்தால், மகிழ்ச்சியில் சோதிக்க மறந்துவிடாதீர்கள். பழைய வகுப்புப் படங்களிலிருந்து பெயரையும் முகத்தையும் எடுத்துப் போலிக் கணக்கு தொடங்குவது எளிது. படங்களில் இல்லாத ஒரு விஷயத்தைக் கேளுங்கள்: எந்தப் பெஞ்சு, எந்த ஆசிரியர் வகுப்பில் என்ன நடந்தது என்பது போல. பிறகு ஒரு காணொளி அழைப்பு. அழைப்பைத் தொடர்ந்து தள்ளிப்போடுவதும், பணம் என்ற பேச்சு எந்த வடிவில் வந்தாலும் அதுவும், அங்கேயே நிறுத்த வேண்டிய அடையாளங்கள்.

முதல் செய்தி

நல்ல கருவியையும் கெட்ட செய்தி வீணாக்கிவிடும். நீளம் ஐந்தாறு வரி. நீங்கள் யார், எங்கே தெரிந்தவர், இவரை எப்படிக் கண்டீர்கள், இப்போது எந்த நிலையில் இருக்கிறீர்கள், பதில் கட்டாயமில்லை. இவ்வளவுதான். அனுப்பும் நேரம் பகலாக இருக்கட்டும். இரவு பதினொரு மணிக்கு வரும் செய்தியின் பொருளே வேறு.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் முடிச்சு உண்டு: நீயா, நீங்களா? அன்று ‘நீ’ என்றுதான் பேசியிருப்பீர்கள். ஆனால் முதல் வரியிலேயே ‘நீ’ என்று எழுதுவது, நடுவில் போன ஆண்டுகளை அவர் சம்மதமில்லாமல் அழித்துவிடுவது போன்றது. ‘நீங்கள்’ என்று தொடங்குங்கள். அவர் ‘நீ’ என்று திரும்ப எழுதினால் பிறகு மாறிக்கொள்ளலாம். எழுதாவிட்டால் அந்த மரியாதை அப்படியே இருக்கட்டும். செல்லப்பெயர் வேண்டாம். கையில் இருக்கும் பழைய படத்தை இணைக்க வேண்டாம், அது இன்னொருவர் கண்ணில் பட்டால் விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

மாதிரிக்கு ஒன்று: “வணக்கம். நான் பன்னிரண்டாம் வகுப்பில் உங்களோடு படித்தவன். நம் வகுப்புத் தோழர் போட்ட படத்தில் உங்களைப் பார்த்தேன். நலமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்ததில் மகிழ்ச்சி. நானும் குடும்பத்தோடு நலம். எழுதத் தோன்றினால் எழுதுங்கள். இல்லாவிட்டால் இதற்குமேல் தொந்தரவு செய்ய மாட்டேன்.” இதில் கடைசி வரி வாக்குறுதி. ஆறு மாதம் கழித்து வேறு தளத்தில் அதே செய்தியை அனுப்பினால் அந்த வாக்கு பொய்யாகிவிடும்.

‘உன்னை ஒருநாளும் மறக்கவில்லை’, ‘அன்று ஏன் அப்படிச் செய்தாய்?’ என்ற இரண்டு வரிகளும் முதல் செய்தியில் வரவே கூடாது. முதலாவது அவர் தலையில் கடன் ஏற்றுகிறது. இரண்டாவது அவரைக் கூண்டில் நிறுத்துகிறது. மன்னிப்புக் கேட்பதுதான் நோக்கம் என்றால் அதை மட்டும், எதற்காக என்று பெயர் சொல்லி, இரண்டு வரியில் கேளுங்கள். மன்னித்தேன் என்று சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள்.

தளங்கள் காட்டாத பாதி

மனித நினைவில் பதின்பருவத்தின் பின்பாதியும் இருபதுகளும் மற்ற வயதுகளைவிட அடர்த்தியாகப் பதிகின்றன. உளவியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட விஷயம் இது. கசப்பான நினைவுகளின் வலி, இனியவற்றின் இனிமையைவிட வேகமாக மங்கும் என்பதும் அப்படித்தான். ஆக, முப்பது ஆண்டுக்குப் பின் நினைவில் வரும் முதல் காதல், பாதிச் சண்டைகள் கழிந்துபோன ஒன்று. அதற்கு நேரே உங்கள் இன்றைய வாழ்க்கை நிற்கிறது, எதுவும் கழியாமல்.

வருத்தங்களைப் பற்றி கிலோவிச், மெட்வெக் என்ற உளவியலாளர்கள் 1990களின் நடுவில் வெளியிட்ட ஆய்வுகள் இங்கே மிகவும் பயன்படும். உடனடிக் காலத்தில் மனிதர்கள் தாங்கள் செய்துவிட்டதற்காகவே அதிகம் வருந்துகிறார்கள். வாழ்க்கையை மொத்தமாகத் திரும்பிப் பார்க்கும்போது செய்யாமல் விட்டதே பெரிதாகத் தெரிகிறது. காரணங்களில் ஒன்று எளிமையானது. செய்த தவறின் விளைவுக்கு ஓர் எல்லை உண்டு, அதைச் சரிசெய்யவும் சமாதானம் சொல்லவும் வழியிருக்கும். செய்யாமல் விட்டதன் பலனுக்கு எல்லையே இல்லை, கற்பனை அதை வளர்த்துக்கொண்டே போகும். அவரோடு வாழாத அந்த வாழ்க்கையில் கடன் தவணை கிடையாது, பிள்ளைக்குக் காய்ச்சல் கிடையாது, மாமியாரோடு மனத்தாங்கலும் கிடையாது. அதோடு நிஜத்தை ஒப்பிட்டால் எந்தத் துணையும் தோற்றுத்தான் போவார்.

ஆகவே செய்தி அனுப்பும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். நான்கு நாட்கள், தினமும் 15 நிமிடம், யாரும் வாசிக்கப்போவதில்லை என்ற உறுதியோடு தாளில் எழுதுங்கள். பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் தொடங்கிய எழுத்துப் பயிற்சியின் அளவு இது. எழுதி முடித்தவுடன் மனம் சற்றுக் கனத்திருக்கும். அது இயல்பு, அதைக் கண்டு பாதியில் நிறுத்தக் கூடாது. எதை எழுதுவது என்று தெரியாவிட்டால் எங்கள் யோசனை: முதல் நாள், அன்று நடந்ததை உணர்ச்சிச் சொல் இல்லாமல், சம்பவமாக மட்டும். இரண்டாம் நாள், முடிவெடுத்தபோது உங்கள் வயது, கையில் இருந்த பணம், உங்களை நம்பி இருந்தவர்கள், அன்று தெரிந்தவை, தெரியாதவை. ‘எனக்குத் தைரியம் இல்லை’ என்று பல ஆண்டுகள் தன்னையே குற்றம் சொன்னவர்களில் பலர், பத்தொன்பது வயதில் தன் கையில் எதுவுமே இல்லை என்பதை இந்த இரண்டாம் நாள் எழுத்தில்தான் முதன்முறையாகப் பார்க்கிறார்கள். மூன்றாம் நாள், எடுத்த முடிவால் வந்தவை; இழந்தவற்றை மட்டும் எழுதினால் அது கணக்கு ஆகாது. நான்காம் நாள், அவரிடமிருந்து பதிலாக என்ன வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில். அந்த வாக்கியம் ‘நலமாக இருக்கிறார் என்று தெரிந்தால் போதும்’ என்றால், புரொஃபைலைப் பார்த்ததோடு உங்கள் வேலை முடிந்துவிட்டது, செய்தியே தேவையில்லை. ‘அவரும் என்னை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று தெரிய வேண்டும்’ என்றால், செய்தியைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்த பகுதியை வாசியுங்கள்.

இடையில் ஒரு புள்ளிவிவரம் பற்றி. பிரிந்த காதலர் மீண்டும் சேர்ந்தால் 72 சதவீதம் பேர் சேர்ந்தே இருக்கிறார்கள் என்று இணையத்தில் அடிக்கடி பார்க்கலாம். கலிபோர்னியாவைச் சேர்ந்த உளவியலாளர் நான்சி காலிஷ் 1990களில் 1,001 பேரிடம் திரட்டிய விவரம் அது. தாங்களாக முன்வந்து பங்கெடுத்தவர்கள் அவர்கள். சேர்ந்து வாழ்பவர்கள்தான் ஆர்வமாக எழுதியிருப்பார்கள். இணையம் பரவிய பிறகு, மணமானவர்கள் வெறும் ஆவலில் தேடிப் போய், தாங்கள் நினைத்தே பார்க்காத உறவில் மாட்டிக்கொள்வதைப் பற்றி அதே காலிஷ் கடுமையாக எச்சரித்தார். அந்தச் சதவீதத்தைப் பகிர்பவர்கள் இந்த எச்சரிக்கையைப் பகிர்வதில்லை.

ஆலோசகர் அறை

பழைய முடிவுகளை மறுபரிசீலனை செய்ய உருப்படியாக உதவும் சேவை மனநல ஆலோசனை ஒன்றுதான். ஓர் அமர்வு வழக்கமாக 45 முதல் 50 நிமிடம். முதல் அமர்வில் பெரும்பகுதி உங்கள் பின்னணியைக் கேட்பதிலேயே போகும்; ஒன்றுமே நடக்கவில்லை என்று அதோடு நின்றுவிடாதீர்கள், குறைந்தது நான்கு அமர்வாவது தேவை. நல்ல ஆலோசகர் ‘பார்’, ‘பார்க்காதே’ என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார். அந்த உறவில் இருந்தபோது நீங்கள் யாராக இருந்தீர்கள் என்று கேட்பார். தேடப்படுபவர் அந்த மனிதர்தானா, அல்லது பாட்டுப் பாடிக்கொண்டும் பயமில்லாமலும் இருந்த அந்தக் கால ‘நான்’தானா என்பது அந்தக் கேள்வியில்தான் பிரியும். பின்னது என்றால் அதை மீட்க வேறு வழிகள் உண்டு. முதல் அமர்விலேயே முடிவு சொல்பவரையும் தன் சொந்தக் கதையைப் பேசத் தொடங்குபவரையும் மாற்றிவிடலாம்.

துணையோடு சேர்ந்து போவதாக இருந்தால் முன்பதிவின்போதே ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஒருவர் தனியாகச் சொன்னதை மற்றவரிடம் மறைத்து வைப்பீர்களா? சில ஆலோசகர்கள் வைப்பார்கள், சிலர் அப்படிப்பட்ட ரகசியத்தைச் சுமக்க மாட்டோம் என்று முன்பே சொல்லிவிடுவார்கள். இதைக் கேட்காமல் தனி அமர்வில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, அடுத்த கூட்டு அமர்வில் திகைத்துப் போகிறவர்கள் உண்டு. வழக்கமாக நடக்கும் இன்னொரு தவறு, தொடர்பு ஏற்கெனவே தொடங்கிவிட்டதை ஆலோசகரிடமே மறைப்பது. நடக்காத ஒன்றைப் பற்றி அவர் உங்களோடு நான்கு அமர்வு பேசிக்கொண்டிருப்பார். செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் கேட்பவர்களுக்கு: அவை நீங்கள் கேட்கும் தொனிக்கு இசைந்து போகும் இயல்புடையவை. எழுதிப் பழகலாம், முடிவுக்கு நம்ப வேண்டாம்.

பதில் வந்தால், வராவிட்டால்

பதில் வந்தால் எழுத்துரையாடலை நீட்டாதீர்கள். மூன்று மாதம் எழுத்திலேயே பேசினால், நிறுத்தி யோசித்து எழுதிய வாக்கியங்களால் ஆன ஒருவர் உருவாகிவிடுவார். நேரில் வருபவர் அவராக இருக்க மாட்டார். ஓரிரு வாரத்தில் குரலில் பேசிவிடுங்கள். சந்திப்பதானால் பகலில், பொது இடத்தில், முடியும் நேரத்தை முன்பே சொல்லி, ஒன்றரை மணி நேரத்துக்குள். துணை இருந்தால், சந்திக்கும் முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால், அந்தத் தயக்கம் எதனால் என்பதை ஆலோசகர் அறையில் பேசிவிட்டுச் சந்திப்பை வைத்துக்கொள்ளுங்கள். முதல் சந்திப்பில் பழைய காலமே பேசும், எல்லாம் இனிக்கும். இருவரும் இன்று எப்படிப்பட்டவர்கள் என்பது தெரியத் தொடங்குவது இரண்டாவது சந்திப்பில், நினைவுகள் தீர்ந்துபோய் மௌனம் வரும் இடத்தில்.

வழி தவறுவதை உங்கள் கைப்பேசி உங்களுக்கு முன்பே காட்டிவிடும். அவர் பெயரை வேறு பெயரில் சேமித்திருக்கிறீர்கள், உரையாடலைப் பூட்டியிருக்கிறீர்கள், 24 மணி நேரத்தில் தானாக மறையும்படி செய்திகளை அமைத்திருக்கிறீர்கள். இந்த மூன்றில் ஒன்றைச் செய்த நாளில், நலம் விசாரிக்கும் கட்டத்தை இருவரும் கடந்துவிட்டீர்கள்.

பதில் வராவிட்டால் செய்ய வேண்டியது குறைவு. இரண்டாவது செய்தி வேண்டாம், பொது நண்பரைத் தூது அனுப்ப வேண்டாம், புதுக் கணக்கிலிருந்து எட்டிப் பார்க்கவும் வேண்டாம். ஃபேஸ்புக் ‘நினைவுகள்’ பகுதியில் குறிப்பிட்ட நபரையும் குறிப்பிட்ட தேதிகளையும் மறைக்க வசதி இருக்கிறது. அந்தக் காலத் தோழர்களின் படங்கள் ஆண்டுதோறும் வந்து கிளறாமல் இருக்க அதை ஒருமுறை அமைத்துவிடுங்கள். அனுப்பிய செய்தியைத் திரும்பப் பெறத் தோன்றும். அது கண்ணியமாக எழுதிய செய்தி என்றால் இருக்கட்டும். கோரிக்கைப் பெட்டியில் கிடப்பதை அவர் நாலு ஆண்டு கழித்து ஒரு மதியம் தற்செயலாகத் திறக்கக்கூடும். உங்களுக்கு அனுப்பியதே மறந்திருக்கும். பக்கத்தில் அவர் மகளோ கணவரோ உட்கார்ந்திருக்க, அவர் அதைச் சத்தமாக வாசித்துக்காட்டினாலும் யாருக்கும் குறையில்லாதபடி இருக்கிறதா என்று, அனுப்பும் பொத்தானைத் தொடும் முன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.